மதுரையில் வாரம் ஒரு படம், அப்புறம் ஒரு மணி நேரப் பேச்சு: சினிமாக் குழு நடத்த முழுமையான வழிகாட்டி

படம் முடிந்து வெளியே வந்து, வண்டி டோக்கனைக் கொடுத்து, ஹெல்மெட்டை மாட்டுவதற்குள் "நல்லா இருந்துச்சு", "பரவாயில்ல", "செகண்ட் ஆஃப் இழுவை" என்று நாலு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டரை மணி நேரம் ஒரே இருட்டில் உட்கார்ந்து, சேர்ந்து சிரித்து, சேர்ந்து மூச்சை அடக்கிப் பார்த்தவர்கள் அடுத்த நிமிடமே ஆளுக்கொரு திசையில் போய்விடுவது எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தமாக இருந்தது. அதனால்தான் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படம், முடிந்ததும் உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தோம். அதில் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுங்கள். எங்கே உட்கார்ந்து எத்தனை மணிக்குப் பேசப்போகிறோம் என்பதுதான் முதல் முடிவு, அதற்குத் தோதான தியேட்டரும் காட்சியும் அடுத்து, படம் அதற்கும் அடுத்து. பெரும்பாலானவர்கள் படத்தை முதலில் பிடித்துக்கொண்டு, கிடைத்த காட்சிக்கு டிக்கெட் போட்டு, பேச்சை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அப்புறம் வரவே வராது.

சங்கம் வேண்டாம், கூட்டம் போதும்

திரைப்படச் சங்கம் என்றதும் பதிவு, உறுப்பினர் அட்டை, தலைவர், பொருளாளர் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். 1947ல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டிக்கும், 1959ல் இந்தியச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்கும் அந்த ஏற்பாடு தேவைப்பட்டது. தியேட்டருக்கு வராத வெளிநாட்டுப் படங்களின் பிரிண்டை வரவழைத்து, இடம் பிடித்துத் திரையிட வேண்டியிருந்தது அவர்களுக்கு. நாம் செய்யப்போவது ஓடுகிற படத்துக்கு டிக்கெட் வாங்கிப் போவது, அவ்வளவுதான். ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு நோட்டு, டீச்செலவுக்குக் கொஞ்சம் பணம், இது போதும்.

ஆள் கிடைக்குமா என்று மதுரையில் கவலைப்பட வேண்டாம். 1937ல் வந்த சிந்தாமணி படத்தின் வசூலில் அதே பெயரில் ஒரு தியேட்டரே கட்டிய ஊர் இது. 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்வார்கள், அது இப்போது இல்லை. அந்தக் கூட்டத்தில் டிக்கெட் எடுத்த கதையைச் சொல்ல ஒரு தாத்தாவோ பெரியம்மாவோ உங்கள் தெருவிலும் இருப்பார்கள், முதல் வாரமே அவர்களைக் கூப்பிடுங்கள்.

எண்ணிக்கை ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கட்டும். ஆறுக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத வாரம் களை இழந்துவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் வட்டம் தானாகவே இரண்டாக உடைந்து, இந்தப் பக்கம் ஒரு பேச்சு அந்தப் பக்கம் ஒரு பேச்சு ஆகிவிடும். ஒரே ஆபீஸ், ஒரே கல்லூரி வகுப்பு என்று சேர்க்காதீர்கள். வேலையும் வயதும் எவ்வளவுக்கு எவ்வளவு கலந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நாளும் காட்சியும்

ஞாயிறு மேட்னி. வேறு காட்சிகளையும் நாங்கள் பார்த்துவிட்டோம், இதுதான் சரிப்படுகிறது. இரண்டரை மணி வாக்கில் ஆரம்பித்தால் ஐந்தரைக்குள் வெளியே வந்துவிடலாம், வெயிலும் தணிந்திருக்கும், பேசி முடித்து ஏழு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம். ஈவினிங் ஷோ முடியும்போது எல்லோருக்கும் பசி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியிலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் கவலை. செகண்ட் ஷோ பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் முடிகிற நேரத்தில் வாட்ச்மேன் கேட்டைச் சாத்திக்கொண்டிருப்பார், பெண்கள் யாரும் அந்த நேரத்தில் நின்று பேச முடியாது. பெண்கள் வர முடியாத நேரத்தை வைத்தால் பாதிப் பார்வையாளர்கள் இல்லாமல் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அர்த்தம்.

சித்திரைத் திருவிழாவின்போது விட்டுவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் எந்தச் சாலை திறந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதை விட, எல்லோரும் திருவிழாவுக்கே போய்வரலாம்.

எங்கே உட்கார்ந்து பேசுவது

இதை ஒரு நாள் முழுக்க ஒதுக்கி, நீங்களே வண்டியில் சுற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள். தியேட்டரிலிருந்து கால்மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அதற்கு மேல் ஆனால் பாதிப் பேர் வழியிலேயே "நான் கெளம்புறேன்" என்று கழன்றுகொள்வார்கள். பத்துப் பேர் வட்டமாக உட்கார இடம், சாதாரணக் குரலில் பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்கிற அமைதி, பக்கத்தில் ஒரு கழிப்பறை, இந்த மூன்றும் வேண்டும். கழிப்பறையை யாரும் யோசிப்பதே இல்லை. படம் பார்த்துவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டுமென்றால், முக்கியமாகப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும், அதுதான் முதல் கேள்வி.

சொக்கிகுளம் விஷால் டி மாலில் பார்த்தால் மேலே ஃபுட் கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும். ஞாயிறு சாயங்காலம் அங்கே இருக்கிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும், கத்திப் பேசுகிறபோது யாரும் யோசித்துப் பேசுவதில்லை. தமுக்கம் பக்கம் வந்து பூங்காவில் உட்காரலாம், ஆனால் காந்தி மியூசியம் வளாகத்தை நம்பி வராதீர்கள், மேட்னி விடுகிற நேரம் அவர்கள் மூடுகிற நேரம். அண்ணாநகர் அம்பிகாவிலோ வில்லாபுரம் வெற்றியிலோ பார்க்கிற வாரம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நல்ல இடம்தான், சாயங்காலக் காற்றுக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஞாயிறு கூட்டம் அதிகம் என்பதால் தின்பண்டக் கடைகள் இல்லாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள், தைப்பூசத் தெப்பத் திருவிழா நேரத்தில் அந்தப் பக்கமே வேண்டாம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விடச் சிறந்தது யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி. பாய் விரித்து உட்காரலாம், நேரம் போனால் யாரும் எழுப்ப மாட்டார்கள், மழை வந்தால் கீழே இறங்கிவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: அந்த வீட்டு அடுப்பில் டீ போடக்கூடாது. பத்துப் பேருக்கு டீயும் பலகாரமும் செய்து தருகிற வேலை வாராவாரம் அந்த வீட்டு அக்கா தலையில் விழுந்தால், மூன்றாவது வாரமே மாடிக் கதவு சாத்திக்கொள்ளும், அது நியாயமும்கூட. பிளாஸ்க்கில் கடை டீயும் வடை பார்சலும் வாங்கிப் போங்கள், அந்த அக்காவும் டிக்கெட் எடுத்துப் படம் பார்த்துவிட்டு வட்டத்தில் உட்காரட்டும்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

இங்கே ஒரு தொழில் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் புதுப்படம், சில சமயம் வியாழன். பெரிய நட்சத்திரப் படம் எப்படியும் இரண்டாவது ஞாயிறும் ஓடும், அதனால் அதை முதல் வாரம் தொடாதீர்கள். முதல் மூன்று நாள் விசிலில் வசனமே கேட்காது (அந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஒரு நாள் போய்வாருங்கள், அதுவும் ஒரு அனுபவம்தான்). சின்னப் படத்துக்கு நேர் எதிர். முதல் ஞாயிறே போய்விட வேண்டும். அடுத்த வெள்ளி புதுப்படங்கள் வந்ததும் அதன் காட்சிகளைக் குறைத்து, காலை பதினோரு மணிக்கு ஒரே ஒரு காட்சி என்று ஒதுக்கிவிடுவார்கள், அல்லது தூக்கியே விடுவார்கள். "நல்ல பேச்சு வருதுப்பா, அடுத்த வாரம் போவோம்" என்று நாங்கள் தள்ளிவைத்துத் தவறவிட்ட படங்கள் பல.

புதன் இரவு வாட்ஸ்அப்பில் மூன்று படங்களைப் போட்டு ஓட்டு எடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். அதிக ஓட்டு வாங்கியதுதான் என்று வைத்தால் எப்போதும் ஒரே மாதிரிப் படமாகவே அமையும், ஆகவே மாதத்தில் ஒரு வாரம் ஓட்டு இல்லாமல் ஒருவர் சொல்கிற படத்துக்கு எல்லோரும் போவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நல்ல பேச்சுகள் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் அமைந்தன.

சான்றிதழைப் பாருங்கள். யு/ஏ பிரிவு இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது, அது பெற்றோர் முடிவு செய்வதற்கான வழிகாட்டல். ஏ சான்றிதழ் அப்படியில்லை, பதினெட்டு நிறையாதவரை உள்ளே விடக்கூடாது. கல்லூரி முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் உங்கள் குழுவில் இருந்தால் அவர்களில் சிலருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும், வாசலில் போய் நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளை முகம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மலையாளப் படத்துக்குப் போகிற வாரம் சப்டைட்டில் உண்டா, எந்த மொழியில் என்று தியேட்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் மட்டும் ஓடினால் வேகமாகப் படிக்க முடியாதவர்கள் குழுவில் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

டிக்கெட்

ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் முன்பதிவுக் கட்டணம் தனி, அதற்கு வரி தனி. டிக்கெட்டுக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பத்துப் பேருக்கு 300, வருஷம் முழுக்கப் போனால் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். தியேட்டர் பக்கம் குடியிருப்பவர் ஒருவர் சனிக்கிழமையே கவுன்ட்டரில் வாங்கிவிடுவது நல்லது. 2025 செப்டம்பர் 22லிருந்து 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். படம் இரண்டு தியேட்டரில் ஓடினால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும், வராதவருக்கு டிக்கெட் இல்லை, இதில் மட்டும் கறாராக இருங்கள், ஏனென்றால் யாராவது ஒருவர் கைக்காசு போட்டே குழு நடத்தினால் நாலு மாதத்தில் அவருக்கு அலுத்துவிடும். படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது கஷ்டம் என்றால் டீச்செலவுப் பணத்திலிருந்து சத்தமில்லாமல் கட்டிவிடலாம்.

ஒரு தடவை சின்னப் படம் ஒன்றுக்கு ஆறு பேர் போய் நின்றபோது, ஆள் சேரவில்லை என்று காட்சியையே நிறுத்திவிட்டார்கள், காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதிலிருந்து கூட்டம் இல்லாத படம் என்றால் காலையிலேயே தியேட்டருக்கு போன் செய்து "பத்துப் பேர் வர்றோம், காட்சி உண்டுங்களா" என்று கேட்டுவிடுகிறோம், கேட்டால் பெரும்பாலும் ஓட்டுகிறார்கள்.

உள்ளே

திரைக்கு நேர் நடுவில், பின்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உட்காருங்கள், படமும் ஒலியும் அங்கேதான் சரியாகச் சேரும். வரிசையாகப் பத்து இடம் கிடைக்கவில்லை என்றால் முன்னும் பின்னுமாக ஐந்தைந்து. தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம், வெளி உணவைத் தியேட்டர் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் சொன்ன உச்ச நீதிமன்றமே, குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. பேச்சுக்கு உதவும் என்று ஒரு காட்சியைக்கூட போனில் பிடிக்காதீர்கள். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது மூன்று மாதச் சிறை, மூன்று லட்சம் ரூபாய் அபராதம். இடைவேளையில் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், விமர்சன வீடியோ பார்க்காதீர்கள். சின்ன நோட்டில் ஒரு வரி, நினைவில் நிற்கிற ஒரு பொருளோ சத்தமோ, எழுதிக்கொள்ளலாம்.

பேச்சு

வட்டமாக உட்கார்ந்து டீ கைக்கு வரும் வரை படத்தைத் தவிர வேறு எதையும் பேசலாம். அப்புறம் முதல் சுற்று. ஒவ்வொருவரும் படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியையோ, பொருளையோ, சத்தத்தையோ சொல்ல வேண்டும், பார்த்தபடி, கேட்டபடி. நல்லா இருந்தது, மொக்கை, சூப்பர், இந்த வார்த்தைகள் முதல் சுற்றில் வரக்கூடாது. தீர்ப்பு முதலில் வந்துவிட்டால் அதற்கு அடுத்துப் பேசுகிற எல்லோரும் அந்தத் தீர்ப்புக்கு ஆதரவாகவோ எதிராகவோதான் பேசுவார்கள், படம் அங்கேயே மறைந்துவிடும். இந்த ஒரு விதியை மட்டும் காப்பாற்றினாலே குழு தேறிவிடும்.

வயதும் வேலையும் கலந்திருக்க வேண்டும் என்று சொன்னேனே, அது இந்தச் சுற்றில்தான் தெரியும். எங்களில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். ஒரு படத்தில் ஊரை விட்டுப் போகிற மகனை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்புகிற காட்சி, எல்லோரும் அழுதோம். அவர் முறை வந்ததும் "அது அந்த வண்டிச் சத்தம் இல்லய்யா, வேற வண்டிச் சத்தம். நெறய ஆள் ஏறுன பஸ்ஸு முதல் கியர்ல இப்பிடிக் கெளம்பாது" என்றார். அரை மணி நேரம் அதிலேயே போனது. நம் படங்களில் பெரும்பாலும் வசனத்தையே படப்பிடிப்புக்குப் பிறகுதான் பேசிச் சேர்க்கிறார்கள், வண்டி, மழை, கூட்டம் எல்லாம் தனித்தனிச் சத்தங்கள், காலடியையும் பாத்திரச் சத்தத்தையும் திரையைப் பார்த்துக்கொண்டே கையால் உண்டாக்குகிற வேலைக்கு ஜாக் ஃபோலி என்பவர் பெயரால் ஃபோலி என்றே பெயர், என்றெல்லாம் தெரிந்தவர்கள் சொல்ல, ஒரு தங்கச்சி, "அப்ப நாம அழுதது அந்த மகனுக்கா, அந்தச் சத்தத்துக்கா?" என்று கேட்டாள். ஒரு பள்ளி ஆசிரியரோ விமர்சகரோ கொண்டுவந்திருக்க முடியாத கேள்வி அது, டிரைவர் சீட்டிலிருந்து வந்தது.

இரண்டாம் சுற்றுக்கு நான் எப்போதும் இடைவேளையை எடுத்துக்கொள்கிறேன். விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் உங்கள் மனதில் இருந்த கேள்வி என்ன, இரண்டாம் பாதி அதற்குப் பதில் சொன்னதா, வேறு கேள்விக்கு நழுவிவிட்டதா? நம்மவர்கள் இடைவேளையை மனதில் வைத்தே கதை கட்டுகிறார்கள், அதனால் இது படத்தின் முதுகெலும்பைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. ஹாலிவுட் படம் என்றால் அதில் இடைவேளையே கிடையாது, எங்கே வெட்டுவது என்று இங்கே முடிவு செய்கிறார்கள், அந்த வெட்டு காட்சியை என்ன செய்தது என்று பேசலாம்.

மூன்றாவது சுற்றுக்கு ஒரு கேள்வி மட்டும் போதும், வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். கேமரா யார் பக்கம் நிற்கிறது? யாருடைய வீட்டை நாம் கடைசி வரை பார்க்கவே இல்லை? பாட்டை எடுத்துவிட்டால் கதையில் எது குறையும்? பெண்கள் தங்களுக்குள் பேசுகிற காட்சி எத்தனை? கடைசிப் பத்து நிமிடம்தான் தீர்ப்பு, பிடித்தது பிடிக்காதது எல்லாம் அப்போது ஆசை தீரச் சொல்லலாம்.

நடத்துகிறவர் வாராவாரம் மாற வேண்டும். அதிகம் பேசுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்குக் கடைசி முறை கொடுங்கள். "நீ சின்னப் புள்ள, உனக்கென்ன தெரியும்" என்ற வார்த்தை வந்தால் நடத்துகிறவர் அங்கேயே நிறுத்த வேண்டும், சொன்னவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும். சாதியைப் பற்றிப் பேசுகிற படம் பார்க்கிற வாரம் இன்னும் கவனம் வேண்டும். யாரும் யாரையும் "நீங்க எந்த ஆளுக" என்று கேட்கக்கூடாது, ஜாடையாகவும் கூடாது. ஒருவர் தனக்கு வலித்தது என்று சொன்னால் அவர் முடிக்கும் வரை மற்றவர்கள் கேட்க வேண்டும், உடனே மறுத்து வாதாடக்கூடாது. அந்தப் படங்களைத் தவிர்த்துவிடுவது சுலபம், நாங்கள் தவிர்ப்பதில்லை.

நம் ஊர் திரையில் வரும்போது

மதுரைப் படம் என்றால் நமக்குக் கூடுதல் உரிமை, கூடுதல் பொறுப்பு. கோபுரத்தை மேலிருந்து காட்டி, அடுத்த ஷாட்டில் அரிவாளைக் காட்டுகிற படங்களை எத்தனையோ பார்த்துவிட்டோம். அந்த வாரங்களில் முதலில் பேச்சு மொழியைப் பிடியுங்கள். "வந்தாய்ங்க, போனாய்ங்க", "அங்கிட்டு இங்கிட்டு" நம்முடையது, "ஏலே" திருநெல்வேலிப் பக்கம், இரண்டையும் ஒரே வாயில் போட்டுக் கலக்கியிருக்கிறார்களா? அப்புறம் இடம். யானைக்கல்லில் திரும்பிய வண்டி அடுத்த ஷாட்டில் எந்த ஊரில் நிற்கிறது? பிறகுதான் பெரிய கேள்வி: விடியக் காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், நைட் டிபன் கடையில் கல்லுக்கு முன்னால் நிற்கிறவர், இவர்களில் யாராவது படத்தில் ஒரு முழுக் காட்சிக்கு வந்தார்களா? எங்கள் குழுவில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களைக் கேட்டால் யாராவது இயக்குநர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றும்.

நோட்டு

கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று. தேதி, தியேட்டர், படம், வந்தவர்கள், ஒவ்வொருவரும் முதல் சுற்றில் சொன்ன காட்சி, பதில் கிடைக்காத ஒரு கேள்வி. நடத்துகிறவர்தான் அந்த வாரம் எழுத வேண்டும். ஏழெட்டு வாரம் போனதும் வருகிறவர்கள் குறைவார்கள், கல்யாணம், காதுகுத்து, பரீட்சை என்று. மூன்று பேர் வந்தாலும் நிறுத்தாதீர்கள், படம் பாருங்கள், உட்கார்ந்து பேசுங்கள், நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் வருகிறவர்கள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் வாங்கிப் படிப்பார்கள். அந்தப் பஸ் கிளம்பிய படத்துக்கான பக்கத்தில், கடைசி வரியாக, தங்கச்சியின் கேள்வி எழுதியிருக்கிறது. கீழே நாலு வரி இடம் விட்டு வைத்திருக்கிறோம்.